கோடை இடியும் மாலை விமானமும்: கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: காலையிலேயே "இன்று இடி உண்டு" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

காரைக்காலில் பறக்கவிடும் வானிலை பலூனின் காலை 5.30 மணிக் கணக்கை வைத்துத்தான். 'கேப்' (CAPE), அதாவது காற்று மேலெழும்பக் கிடைக்கும் ஆற்றலின் மதிப்பு, கிலோவுக்கு 2000 ஜூல் என்ற அளவைத் தாண்டி, கீழே ஈரமும் 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் வறட்சியும் இருந்தால் உஷாராகிவிட வேண்டும். ஆனால் இடையில் ஒரு சூடான அடுக்கு மூடி போட்டதுபோல் இருக்கும். அதை உடைக்கத் தொண்டிப் பக்கத்துக் கடல்காற்றோ, மேற்கேயிருந்து வரும் மேகமோ வேண்டும். இரண்டும் எங்கே சந்திக்கும் என்பது பிற்பகலில்தான் தெரியும். ஊர்ப் பெயரோடு காலையிலேயே யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து: ரேடாரில் நம் ஊர் மேல் ஒன்றுமே இல்லை, புழுதி மட்டும் அள்ளி அடிக்கிறதே?

காரைக்கால் ரேடார் நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர். அரை டிகிரி சாய்வில் வரும் கதிரே பூமியின் வளைவால் நம் தலைக்கு மேல் இரண்டரை கிலோமீட்டரில் போய்விடும். அதற்குக் கீழே நடப்பது ரேடாருக்குத் தெரியாது. விழும் மழை வறண்ட அடுக்கில் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் விரிகிறது. அதன் விளிம்பு மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னால் ஓடிவரும். உங்களை அடித்தது அதுதான்.

விமானத்துக்கும் எமன் இதுவே. இறங்கும்போது முதலில் எதிர்காற்று. வேகம் கூடும், விமானி எஞ்சினைக் குறைப்பார். அடுத்து கீழ்நோக்கிய காற்று, உடனே பின்காற்று. வேகம் சரியும், உயரமும் போகும். 1985 ஆகஸ்ட் 2-இல் டல்லாஸில் டெல்டா 191 இப்படித்தான் விழுந்தது. சிக்கினால் எஞ்சினை முழு விசைக்குத் தள்ளி மூக்கைத் தூக்குவார்கள். ஆபத்து தாண்டும்வரை சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்னால் நீளும் மடிப்பு) தொடக்கூடாது.

பள்ளத்தூரிலிருந்து: மின்னல் தாக்கினால்?

பெரும்பாலும் மின்சாரம் வெளித்தோலோடு ஓடி வெளியேறிவிடும், இறங்கியதும் சோதிப்பார்கள். ஆலங்கட்டிதான் மோசம், மூக்குக் கூம்பையும் கண்ணாடியையும் உடைக்கும். கடும் இடிமேகத்தை 20 கடல்மைல் விலகிப் போவது அதனால்தான்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: மகன் மே மாதம் மாலை விமானத்தில் சென்னையிலிருந்து மதுரை வருகிறான். கார் எப்போது அனுப்ப?

ஆச்சி, முடிந்தால் காலை விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்றால், சென்னையில் விமானம் கிளம்பிய பிறகே காரை அனுப்புங்கள். மதுரையில் இறங்க முடியாவிட்டால் திருச்சிக்குத் திருப்பலாம். அங்கும் இடி என்றால் சென்னைக்கே திரும்பிவிடும். டிரைவரிடம் மதுரை, திருச்சி இரண்டு ஊரையும் சொல்லிவையுங்கள். காரைக்குடியிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.