ஏரிக்கரை வீடும் பாம்புகளும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஏரியை ஒட்டிய மனையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து தோட்டத்தில் அடிக்கடி பாம்பு தென்படுகிறது. வேலியோரம் பினாயில் ஊற்றினோம், பூண்டு நசுக்கிப் போட்டோம், சிறியாநங்கையும் நட்டோம். பயனில்லை. சிறு குழந்தைகள் இருக்கும் வீடு. நிலையான வழி உண்டா?
- வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: வாசனையால் பாம்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் செய்த மூன்றுக்குமே நம்பத்தக்க சான்று கிடையாது. சிலர் பரிந்துரைக்கும் நாப்தலின் உருண்டையைக் குழந்தை விழுங்கினால் பெரும் ஆபத்து. கார்பாலிக் அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இவை இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பாம்பு வருவது இரைக்காகவும் மறைவிடத்துக்காகவும்தான். மழைநீர் வளைகளில் புகும்போது அது மேட்டைத் தேடி ஏறும். அங்கே எலியும் தவளையும் ஒதுங்க இடமும் இருந்தால் தங்கிவிடும். பாம்பு பிடிப்பதில் தலைமுறை அனுபவம் உள்ள இருளர்கள் எலி வளைகளைத் தேடித் தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆகவே எலியை ஒழிப்பதே பாதி வேலை. அரிசி, தவிடு, கோழித்தீவனம் ஆகியவற்றை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். எச்சில் சோற்றைக் கொல்லையில் கொட்டாதீர்கள். கோழிக்கூண்டு இருந்தால் நெருக்கமான கம்பிவலை அடித்து, முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

புது வீடு என்பதால், கட்டி மீந்த செங்கல் அடுக்கும் சென்ட்ரிங் பலகைகளும் சுவரோரம் கிடக்கக்கூடும். அவற்றை இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள். கையுறையும் பூட்ஸும் அணிந்து, பகல் வெளிச்சத்தில், நீண்ட கம்பால் புரட்டிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். விறகை வீட்டிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்குங்கள். புல்லை ஒட்ட வெட்டுவதோடு, கூரையைத் தொடும் கிளைகளையும் கழித்துவிடுங்கள்.

அடுத்தது இடுக்குகள். மூடிய கதவின் அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழையுமானால் கட்டுவிரியன் குட்டியும் நுழையும். கதவின் கீழ்விளிம்பில் ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயிலும் காற்றுத் துவாரங்களிலும் கம்பிவலை பொருத்துங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: குழந்தைகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். இரவில் இரை தேடும் கட்டுவிரியன் வீட்டுக்குள் புகுந்து, தரையில் உறங்குபவரைக் கடிப்பதுண்டு; பல நேரங்களில் வலியோ வீக்கமோ இராது, பல் பட்ட தடமும் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும் குழந்தையின் இமைகள் சரிந்திருந்தால், அஜீரணம் என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வது, கடைகளில் விற்கும் எந்தப் பாம்பு விரட்டியையும்விட மேலான காப்பு. இருட்டில் வெளியே இறங்கும்போது டார்ச் விளக்கும் செருப்பும் கட்டாயம்.

கேள்வி: வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடித்துவிடுவது நல்லதா? சாரை என்றால் விட்டுவிடலாமா?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: அடிக்க வேண்டாம். அடிக்க நெருங்கும்போதும், பிடிக்க முயலும்போதும் கடி வாங்கியவர்கள் ஏராளம். மேலும் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. பிள்ளைகளை வெளியேற்றி, அறைக்கதவை மூடி, அடியில் ஈரத்துணியைச் செருகிவிட்டுத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். தோட்டத்தில் ஊர்ந்து போகும் சாரையைப் போகவிடுங்கள். நஞ்சற்ற அது உங்கள் எலிகளைத் தின்றுதான் வளர்கிறது. சாரைதானா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், நல்ல பாம்பு என்றே எண்ணி விலகி நில்லுங்கள்.

ஒருவேளை கடித்துவிட்டால், கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்து இருப்பு உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைப் பிடித்தோ கொன்றோ எடுத்துச் செல்லத் தேவையில்லை. நம் ஊரில் தரப்படும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டதே.