யோபு வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, சகோதரி

இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது, சபையாரோ 'யோபுவைப் போலப் பொறுமையாயிரு' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்தும் யோபு பொறுமையாயிருப்பது யோபின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரங்களில்தான். அவர்கள் அதோடு வேதத்தை மூடிவிட்டார்கள்போல. மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு பிறந்த நாளைச் சபிக்கிறார், அப்புறம் பக்கம் பக்கமாக தேவனோடு வழக்காடுகிறார். கர்த்தர் அவரைக் கேள்விகளால் மடக்கினார்தான். ஆனால் 42:7இல் கர்த்தருக்குக் கோபம் மூண்டது புத்தி சொல்ல வந்த நண்பர்கள்மேல். யோபுவைப் பற்றிச் சொல்லும் யாக்கோபு 5:11இல் 'பொறுமை' என்று வரும் கிரேக்கச் சொல்லுக்குப் பாரத்தின் கீழே நிலைத்திருப்பது என்று பொருள். முனகாமல் இருப்பது அல்ல.

அம்மா நோயில் கிடந்தபோது எனக்கும் ஜெபம் வரவில்லை. ராத்திரி மருந்து கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவும்போது 13ஆம் சங்கீதத்தின் 'எதுவரைக்கும்' என்ற ஒரே வார்த்தையை முணுமுணுப்பேன். பல மாதம் அவ்வளவுதான்.

இன்னொன்று, தூங்குகிறீர்களா? சாக வேண்டிக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்கு தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் படுக்கவிட்டான். அடுத்த முறை 'பொறுமை' என்று யாராவது ஆரம்பித்தால், ஒரு மத்தியானம் வந்து உங்கள் கணவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் போய்ப் படுங்கள்.