சிறு படத்தில் பொருந்திய நிறம் பெரிதாக்கினால் விலகுவது ஏன்?

வினா: சுங்கை சிப்புட்டில் தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கைத் துணியை ஈப்போ வியாபாரி அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். மயில் நீலச் சேலையின் ஓரத்தைக் கைப்பேசியில் விரல்நக அளவு தெரியும் படத்தருகே பிடித்தால் நிறம் பொருந்துகிறது. அதே படத்தைத் திரை முழுதும் விரித்தால் பொருந்தவில்லை. திரை பழுது என்றும், நிறத்தைச் சீரமைக்க 450 ரிங்கிட் ஆகும் என்றும் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

விடை: கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் திரையில் பழுது இருப்பதாக இதை வைத்துச் சொல்ல முடியாது; பொருத்தம் மாறுவது பெரும்பாலும் கண்ணில்தான். விழித்திரையின் நடுவே மஞ்சள் நிறமி படிந்த ஒரு சிறு புள்ளி இருக்கிறது. அது நீல ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் பார்வைக் கோணம் சுமார் 2 பாகை. அவ்வளவு சிறிய நிறத்தை அந்தப் புள்ளியின் வழியாகவே பார்க்கிறோம். முஷ்டி அளவுக்கு, அதாவது சுமார் 10 பாகைக்கு விரிந்தால், நிறமி குறைந்த சுற்றுப்பகுதியும் சேர்ந்து பார்க்கிறது. துணியின் நீலம் சாயத்தில் பட்டுத் திரும்பும் ஒளி. திரையின் நீலமோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. இரண்டின் ஒளிக்கூறுகளும் வேறானவை என்பதால், புள்ளியின் வழியே ஒன்றாகத் தெரிந்தவை அதற்கு வெளியே பிரிந்துவிடுகின்றன.

ஒரு விலக்கை மட்டும் நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். சேலை, ரவிக்கைத் துணி இரண்டின் படங்களையும் ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்பிட்டால் இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே இரண்டு நிறங்களையும் அதே மூன்று ஒளிகளே உண்டாக்குவதால், அந்த ஒளிகளின் அளவுகள் ஒன்றாயிருந்தால் எவ்வளவு விரித்தாலும் ஒன்றாகவே இருக்கும். விரித்தபின் பிரிந்து தெரிந்தால், அவை முதலிலிருந்தே வேறானவை. சிறிய அளவில் அந்த வேறுபாடு, அதிலும் நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்டது, கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றே பொருள்.

சீரமைப்பாளர் திரைமேல் வைக்கும் கருவியும் பெரும்பாலும் 2 பாகைப் பார்வைக்காக 1931இல் வகுத்த கணக்கின்படியே அளக்கிறது. அந்தக் கணக்கு 17 பேரின் கண்களை வைத்து எழுந்தது. 10 பாகைக்குரிய கணக்கு 1964இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கைப்பேசித் திரைத் தயாரிப்பாளர்கள் இன்றும் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 450 ரிங்கிட் செலவழித்த மறுநாளும் உங்கள் மயில் நீலம் இதேபோல்தான் விலகும். புதிய திரை வாங்கச் சொல்பவரையும் நம்பாதீர்கள்.

உடுத்திய சேலையை மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஏறத்தாழ 10 பாகை அகலத்தில் தெரியும். ஆகவே படத்தை விரித்தே பாருங்கள். சேலையையும் அதே அளவுக்கு மடித்து அருகில் வையுங்கள். கைப்பேசியின் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பை அணைத்துவிடுங்கள். கல்யாணச் சேலை என்றால் படத்தை நம்பி வெட்ட வேண்டாம். உள்ளங்கையகலத் துணித்துண்டு ஒன்றை அஞ்சலில் அனுப்பச் சொல்லி, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் சேலைமேல் வைத்துப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.