பாத்திரத்தைக் கொன்றுவிடலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆளுக்கொரு பாத்திரமேற்று, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டம் ஆடுகிறோம். அந்தக் குழுவுக்கு நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்தும் நடுவர். ஆடுபவர்கள் நான்கு பேர். ஒருவர் எல்லார் முறையிலும் குறுக்கே பேசுகிறார். கூட்டாளியின் பையிலேயே கைவைத்துவிட்டு, ‘என் பாத்திரம் திருடன், அப்படித்தான் செய்வான்’ என்கிறார். மற்ற மூவரும் ஆட்டம் முடிந்தபின் எனக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பிப் புலம்புகிறார்கள். அவருடைய பாத்திரத்தைக் கதையில் கொன்றுவிடலாமா? அல்லது எக்ஸ் கார்டு என்ற நிறுத்தல் அட்டையை மேஜையில் வைக்கட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

கொன்று என்ன ஆகப்போகிறது? அடுத்த ஆட்டத்துக்குப் புதுப் பாத்திரத்தாளோடு அதே ஆள்தான் வந்து உட்காருவார். எக்ஸ் கார்டு வையுங்கள், நல்லதுதான். ஆனால் அது மனதை நோகடிக்கும் காட்சியை நிறுத்த ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய கருவி. வாயாடியை அடக்க உதவாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மூன்று பேரின் செய்திகள். மேஜையில் வாயைத் திறக்காமல், வீட்டுக்குப் போய் உங்களிடம் முறையிடுகிறார்கள். நீங்களும் வாங்கி வாங்கி அடுக்கிக்கொள்கிறீர்கள். உலகத்தைக் கட்டுவது, அரக்கர்களை ஆட்டுவது, விதி பார்ப்பது, தேதி குறிப்பது, இப்போது பஞ்சாயத்தும். இதெல்லாம் ஒருவர் தலையில் என்று யார் எழுதிவைத்தது? இவ்வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. அதன் ஆரம்பகாலக் குழுக்களிலேயே வரைபடம் வரைய ஓர் ஆட்டக்காரர், எல்லார் முடிவையும் கேட்டு நடுவரிடம் சொல்ல இன்னொருவர் என்று வேலை பிரிந்திருந்தது. 1987இல் வந்த ஆர்ஸ் மாஜிக்கா என்ற ஆட்டம் கதை நடத்தும் பொறுப்பையே ஆள் மாற்றி ஏற்க வழி செய்தது.

ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு மணி நேர ஆட்டத்தில் பாதி உங்கள் பேச்சு என்றால், மிச்சம் 120 நிமிடம், ஆளுக்கு 30. ஒருவர் 75 எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குத் தலா 15தான். பறிபோவது அவர்களுடைய நேரம். தட்டிக் கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

நீங்கள் ‘கொஞ்சம் பொறுங்க’ என்றால் அது தீர்ப்பு. அவர் பாத்திரத்தின் உயிர் உங்கள் கையில் இருப்பதால் அடங்குவார், அல்லது முறைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் ‘இரு, அவ சொல்லி முடிக்கட்டும்’ என்றால் அதில் அதிகாரம் இல்லை. அதனாலேயே காதில் ஏறும்.

பேச்சை நகர்த்தவும் அவர்களால் முடியும். நீங்கள் கூச்சக்காரரைப் பார்த்து ‘நீங்க என்ன செய்யறீங்க?’ என்றால் பரீட்சை அறையில் மாட்டியதுபோல விழிப்பார். ஒரு வீரன் மந்திரக்காரியிடம் திரும்பி, ‘இந்தக் கதவில் என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லேன்’ என்று கேட்டால், பதில் சொல்ல அவர் கையில் ஒரு பொருள் இருக்கிறது. இதை ஓர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு முறை செய்தால் போதும்.

திருட்டுக்கு வருகிறேன். இங்கே தவறு உங்களுடையது. ‘சரி, பகடையை உருட்டுங்க’ என்று, திருட்டு பலிக்க விழவேண்டிய எண்ணைச் சொன்னீர்கள் அல்லவா, அங்கேயே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். பகடை கையில் இருக்கும்போதே நிறுத்துங்கள். பைக்கு உரியவரிடம், ‘உங்க பையில கை விடறான். நடக்கட்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அது நடக்கவில்லை, பகடையும் உருளாது. ‘என் பாத்திரம் அப்படித்தான்’ என்பவரிடம், கூட்டாளிகளிடம் மட்டும் திருடாததற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாத்திரத்தைப் படைத்தவர் அவர்தானே? ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே, ‘இந்தக் கும்பலை விட்டு நான் ஏன் போகமாட்டேன்’ என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. இப்போதும் எழுதலாம்.

அந்த மனிதரிடம் அன்பாக இருங்கள். மூன்று பேர் ஊமையாக உட்கார்ந்திருக்கும் மேஜையில் ஆட்டம் செத்துப்போகுமோ என்ற பயத்தில் பேசிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

அடுத்த முறை புலம்பல் செய்தி வந்தால், ‘அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் இதை அவரிடமே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன்’ என்று பதில் எழுதுங்கள். மிரட்டல், அத்துமீறல் என்றால் மட்டும் யாரையும் பேசவைக்காதீர்கள். அன்றே ஆட்டத்தை நிறுத்தி அவரை அனுப்பிவிடுங்கள்.