கங்கையில் வள்ளம் ஏறுவதற்கு முன்

கேள்வி: ஓகஸ்ட்டில் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது. மூதூரிலிருந்து வள்ளத்தில் ஏற்றி, மகாவலி கங்கை வழியாகக் காடு காட்டி, சோமாவதிப் பூங்காவுக்குள்ளும் கொண்டுபோவதாக ஒருவர் சொல்கிறார். முழுக் காசையும் முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: கொடுக்காதீர்கள், தங்கச்சி. ஆனால் கங்கைக்குக் கட்டாயம் போங்கள்.

மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் கங்கை நம்முடைய கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. புயலில் பாய்மரம் இழந்து இந்தக் குடாவுக்குள் வந்த கப்பலில் இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1660இல் மூதூர்ப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ 20 வருடம் கண்டி இராச்சியத்தில் கைதி. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். கரையில் மருத மரம், கொக்கு. சேற்றுத் திட்டில் மரக்கட்டை போலக் கிடப்பது வாயைத் திறக்கும்போதுதான் முதலை என்று தெரியும்.

சரி, காசு விஷயம். பூங்காவுக்குள் போக அனுமதிச்சீட்டு தருவது வனஜீவராசிகள் திணைக்களம். உங்களிடம் காசு கேட்கும் தரகரால் தர முடியாது. ஆற்று வழியாக உள்ளே விடுவார்களா என்பதையும் திணைக்களத்திடமே கேளுங்கள். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வள்ளத்தில் எழுதியிருக்கும் மீன்பிடிப் பதிவு இலக்கத்தைக் காட்டுவார். அது மீன் பிடிக்க, ஆள் ஏற்ற அல்ல.

முற்பணம் கொடுக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: எண்ணெய்ச் செலவு. வள்ளக்காரர் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர், எண்ணெய்க்குக் கேட்டால் நியாயம். அதையும் வள்ளக்காரர் கையிலேயே கொடுங்கள், தரகரிடம் வேண்டாம். வள்ளத்தை நேரில் பார்த்த பிறகு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். வள்ளக்காரருடைய மச்சான் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். மீதி, கரை திரும்பிய பிறகு.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இல்லையென்றால் ஏறவே வேண்டாம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிய படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த திருகோணமலை மாவட்டம் இது. அதற்குப் பிறகும் படகுத் துறையில் கட்டணம், ஆள் கணக்கு, அனுமதி எழுதிய ஒரு பலகை நட அதிகாரிகளுக்கு இன்னும் என்ன வேண்டும்? அந்தப் பலகை இருந்தால் தரகருக்கு வேலையே இல்லை.

ஓகஸ்ட் நல்ல காலம். மார்கழி வெள்ளத்தில் நினைக்கவும் வேண்டாம். விடியலில் புறப்பட்டு, கடல்காற்று கிளம்புவதற்கு முன் திரும்புங்கள். பிள்ளைகள் தண்ணீரில் கை விடவோ, ஆற்றில் இறங்கிக் குளிக்கவோ விடாதீர்கள்.