ரோசுப் பேயும் மண்டோரும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் ரவாங்கில் இருக்கிறேன். கணினிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். என் பாட்டி உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவர் சொன்ன கதைகளை வைத்து ஒரு சின்ன விளையாட்டு செய்தேன். ரப்பர்க் காடுதான் களம். மழை வருவதற்குள் ஒரு பெண் எல்லா மங்குகளிலிருந்தும் (மரத்தில் பால் வடியும் கிண்ணங்கள்) பாலை எடுத்துவிட வேண்டும். நான்கு நாய்கள் துரத்தும். படங்கள் கார்ட்டூன் மாதிரி இருக்கும். புள்ளிகளைத் தின்றபடி பேய்களிடமிருந்து தப்பி ஓடுகிற அந்தப் பழைய பேக்-மேன் போல எளிமையாக இருக்கட்டும், பேய்கள் கண்டபடி ஓடுவதுபோல நாய்களும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டரில் தீவிரமாக விளையாடும் நண்பர்களிடம் கொடுத்தேன். "பாலர் பள்ளிக்கு அனுப்பு" என்றான் ஒருவன். "பேக்-மேனே சுத்த போர், பழைய ஆட்களின் ஏக்கம், ஆட்டாரியில் வந்ததைப் பார்த்தாலே தெரியும்" என்றான் இன்னொருவன். முப்பரிமாணத்துக்கு மாற்றலாமா? கதை சேர்க்கலாமா? அப்பா இதையெல்லாம் விட்டுவிட்டு வங்கி வேலைக்கு முயலச் சொல்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அம்மாவின் பால் வெட்டும் கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவருடைய திதி. படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கத்தியையும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் பொதுவாகக் கடிதங்களைப் பத்து நாள் ஊறப்போடுகிற நான் உடனே உட்கார்ந்துவிட்டேன்.

முப்பரிமாணம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேண்டுமென்றால் செய்யுங்கள். வங்கி வேலை பற்றிப் பேசமாட்டேன். உங்கள் அப்பா உங்களுக்குச் சோறு போடுகிறார், நான் போடவில்லை. கதை வேண்டுமா என்று கேட்கிறீர்கள். மழைக்கு முன்னால் பாலை எடுத்தாக வேண்டும் என்பதைவிட என்ன கதை வேண்டும்? மழை பெய்தால் மங்கில் தண்ணீர் ஏறிப் பால் வழிந்து வீணாகும், அன்றைய கூலி போச்சு. எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பாதிச் சண்டைகள் அதிலிருந்துதான் தொடங்கும்.

ஆனால் ஒரு வார்த்தை என்னைக் குத்தியது. "பேய்கள் கண்டபடி ஓடுவதுபோல." கண்டபடியா? கணினி படிக்கிற பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது? நண்பர்கள் சிரித்ததற்கு வருத்தப்படுகிறீர்கள். நீங்களும்தானே திறந்து பார்க்காமல் ஒன்றைக் குழந்தை விளையாட்டு என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்?

1980-ல் ஜப்பானில் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாதானி அந்த விளையாட்டை உருவாக்கியபோது அவருக்கு வயது 25. அப்போது விளையாட்டுக் கூடங்களில் எங்கே பார்த்தாலும் வேற்றுக்கிரகத்தாரைச் சுடுவதுதான் ஆட்டம், நிற்பவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடுகிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று யோசித்துத்தான் தின்பதைக் கையில் எடுத்தார். பேய்களை அழகாக, கார்ட்டூனாகப் போட்டதும் அதற்காகத்தான். உங்கள் நண்பர்கள் குறை என்று சொல்வதை அந்த மனிதர் வேண்டுமென்றே செய்தார்.

சரி, பேய்களுக்கு வருவோம். நான்கும் நான்கு குணம். சிவப்பு நேராக உங்கள் இடத்தைக் குறிவைக்கும். புள்ளிகள் குறையக் குறைய அதற்கு வேகம் கூடும். ரோசு உங்களைக் குறிவைக்காது. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறீர்களோ அந்தப் பக்கம் 4 கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலப்பச்சை, சிவப்பு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சு 8 கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை துரத்தும், கிட்டே வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஜப்பானில் அவற்றுக்கு வைத்த பெயர்களே துரத்துபவன், பதுங்கிப் பாய்பவன், மனம்போனபடி போகிறவன், தெரியாததுபோல் நடிப்பவன் என்று பொருள்படும். அப்புறம், நான்கும் ஓயாமல் துரத்துவதில்லை. முதல் சுற்றில் 7 விநாடி தங்கள் மூலைகளுக்குக் கலைந்து போகும், 20 விநாடி துரத்தும், மறுபடி கலையும். மூச்சு வாங்க உங்களுக்கு விடுகிற இடைவெளி அது.

இதில் தாயம் உருட்டுவதே கிடையாது. நாம் பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் நீலமாகிப் பயந்து ஓடும்போது மட்டும்தான் குருட்டுத் திருப்பம். அந்தக் குருட்டுக் கணக்கும் சுற்று தொடங்கும்போது பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதாவது, நேற்று போன வழியிலேயே அதே நேரத்தில் திரும்பித் திரும்பிப் போனால் பேய்களும் நேற்று போன வழியிலேயே போகும். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வழியை அம்புக்குறி போட்டு வரைந்து வைத்திருந்தான். அவன் கணக்கில் தேறவில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் நான் வெகு காலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தேவைப்படவில்லை.

இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். எங்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு சீனர் காப்பிக்கடை இருந்தது. கடையின் ஓரத்தில், பீர்ப் பெட்டிகளுக்கும் கழுவுகிற தொட்டிக்கும் நடுவில் அந்த மெஷின். 20 காசு போட்டால் மூன்று உயிர். ஆடுவதற்குப் பொத்தான் கிடையாது, சிவப்பு உருண்டை வைத்த ஒரு குச்சி மட்டும். உருண்டையில் எப்போதும் யாரோ தின்ற வடையின் எண்ணெய் இருக்கும். கடை முதலாளி தவுக்கே கல்லாவில் உட்கார்ந்தபடியே, மெஷினைத் தட்டினால் மட்டும் தலையை நிமிர்த்துவார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சம்பள நாள். அம்மா சாமான் வாங்கப் போயிருந்தார். என்னை பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். நான் நின்றிருப்பேனா? இடைவேளைக்குக் கொடுத்த காசை இரண்டு நாள் சேர்த்து வைத்திருந்தேன். ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற பையன்கள் சட்டென்று அமைதியானார்கள். திரும்பாமலே தெரிந்துவிட்டது. கண்ணாடியில் அம்மாவின் முகம். இரண்டு கையிலும் பை. காதைத் திருகக் கை காலியாக இல்லை, அது என் அதிர்ஷ்டம்.

அடி விழவில்லை. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டா, நிரை பிடிச்சுப் போகத் தெரியாதா உனக்கு? அங்க ரெண்டு இங்க ரெண்டுன்னு பொறுக்குற. தூரத்து நிரையை முதல்ல முடி. அதைக் கடைசியில வெச்சா அகப்பட்டுக்குவ" என்றார்.

செய்து பார்த்தேன். கீழ் மூலைகளை முதலில் முடித்தேன். வேலை செய்தது. 240 சின்னப் புள்ளி, 4 பெரிய புள்ளி, ஒன்றைக்கூட விட்டுவிட்டுப் போக முடியாது. காட்டில் ஒரு மரத்தைக்கூட விட முடியாத மாதிரி. ஒவ்வொரு மங்காக எடுத்து, காண்டா வாளி கனக்கக் கனக்க நடந்த மனுஷிக்கு அந்தத் திரையில் புதிதாக என்ன இருந்திருக்கும்?

பிறகு சொன்னதுதான் முக்கியம். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிற கங்காணி. "அந்த ரோசு கலரு இருக்கு பாரு, அது நம்ம மண்டோரு மாதிரி. பின்னால வரமாட்டான். நாம எந்த நிரையில திரும்புவோம்னு பார்த்து முன்னாலயே போய் நின்னுக்குவான்."

அப்போது நான் சிரித்தேன். பின்னாளில் அந்த 4 கட்டக் கணக்கைப் படித்தபோது சிரிக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அம்மா, பஸ் வருவதற்குள் நின்றபடியே கண்டுபிடித்ததைக் கணினித் துறையில் மூன்று வருடம் படித்த நீங்கள் "கண்டபடி" என்று எழுதுகிறீர்கள்!

கோபப்படாதீர்கள். கொஞ்சம் பட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. பேக்-மேன் புள்ளியைத் தின்னும்போது ஒரு கண்சிமிட்டல் நேரம் நிற்கும், ஒவ்வொரு புள்ளிக்கும். அதனால் தின்னாத வழியில் ஓடினால் பேய் நெருங்கும், தின்று முடித்த வழியில் ஓடினால் தப்பலாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது "வெட்டி முடிச்ச நிரையில யாரும் வேகமாத்தான் நடப்பாங்க" என்று முடித்துவிட்டார்.

இனி ஆட்டாரி. உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை. 1982-ல் வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டி ஆடுகிற ஆட்டாரி 2600 பெட்டிக்கு வந்த பதிப்பு மோசம்தான். டாட் ஃபிரை என்பவர் அதை 4 கிலோபைட்டுக்குள் எழுதினார். அந்தப் பெட்டிக்கு இருந்த தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட். நான்கு பேய்களையும் ஒன்றாகக் காட்ட வழியில்லாமல் ஒரு நேரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார், அதனால் பேய்கள் கெட்டுப்போன டியூப் லைட் மாதிரி மினுக்கும். புள்ளிகள் கோடுகளாகிவிட்டன. ஆனாலும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது, வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். எங்கள் தோட்டத்துக் கிராணி (அலுவலகக் கணக்கர்) வீட்டில் அந்தப் பெட்டி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமென்ட் தரையில் உட்கார்ந்து, அவர் மகன் ஆடுவதை ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது ஒருவன் மட்டும், "தவுக்கே கடையிலதான் நல்லாருக்கு" என்றான்.

அதை மட்டும் பார்த்துவிட்டு மூலத்தைத் திட்டுவது, சார்டின் டின்னைத் தின்றுவிட்டுக் கடல் சரியில்லை என்பது மாதிரி.

சரி, இப்போது கம்ப்யூட்டரில் அசல் அப்படியே கிடைக்கிறதே, அதையும் ஆடிவிட்டு போர் என்கிறார்களே என்பீர்கள். எப்படி ஆடுகிறார்கள்? சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, செத்தால் ஒரு விசையைத் தட்டி மறுபடி, போரடித்தால் நிறுத்திவிட்டு கைப்பேசி. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. போனால் திரும்பி வராத 20 காசு இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் அடுத்தவன் வைத்துவிட்டுப் போன காசு, அதாவது "அடுத்தது நான்" என்கிற மிரட்டல், அதுவும் இல்லை. இவ்வளவையும் எடுத்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றால் எப்படி? 19-ஆம் சுற்றிலிருந்து பெரிய புள்ளியைத் தின்றாலும் பேய்கள் நீலமாவதே கிடையாது. உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நானும் பார்த்ததில்லை. நான் தாண்டியது ஆறாவது சுற்று, அதுவும் ஒரே ஒரு தடவை.

ஐந்தாவது சுற்று முடிந்ததும் ஒரு குட்டிக் கார்ட்டூன் வரும். துரத்திக்கொண்டு வரும் சிவப்புப் பேயின் துணி ஒரு ஆணியில் மாட்டிக் கிழிந்துவிடும். அது நின்று தன் கிழிசலைப் பார்க்கும். அம்மா அன்று அதையும் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றிருந்த நோட்டுக்காரப் பையன் அடுத்து ஆடியபோது. "ஐயோ பாவம், கைலி கிழிஞ்சிருச்சு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வருடம் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனோம்.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் விளையாட்டை நேற்று இரவு ஆடிப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை நெருங்கி வரும் சத்தம் அருமை, யார் பதிவு செய்தது? நாய்கள்தான் சரியில்லை. நான்கும் ஒரே நாய். எந்த லயத்தில் நான்கு நாயும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது? எங்கள் வரிசையில் ஒன்று கேட்டுக்கு வெளியே வரை விரட்டும், அப்புறம் மறந்துபோகும். ஒன்று குரைக்காது, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் சுற்றி வந்து முன்னால் நிற்கும். துரை பங்களா நாய் தூரத்தில் சிங்கம், நாம் ஒரு அடி எடுத்து வைத்தால் வேலிக்குள் ஓடிவிடும்.

அப்புறம், உங்கள் படத்தில் மரத்தின் வெட்டு வலது மேலிருந்து இடது கீழாகச் சரிகிறது. தலைகீழ். பால்மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே இறங்கும், மங்கு அந்த வலது முனையில்தான் இருக்கும். நண்பர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறீர்கள், பாட்டியிடம் காட்டவில்லை என்று இதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்.

காட்டுங்கள். குச்சியோ விசையோ அவர் கையில் கொடுக்க வேண்டாம், பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.