வட இத்தாலியின் பிரபு குடும்பங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

1200-க்கும் 1400-க்கும் இடையே மிலான், வெரோனா, ஃபெராரா, மாந்துவா நகரங்களை ஆண்ட குடும்பங்கள் பற்றி எதையும் கேட்கலாம். ஃபிளாரன்ஸ் என் பேட்டை இல்லை. இணையத்தில் எடுத்த வம்சாவளிப் படங்களை அனுப்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை, குடும்பம் பெரிய கை ஆன பிறகு அரண்மனைப் புலவர்கள் கூலிக்கு எழுதிக் கொடுத்தவை.

கல்லூரி மாணவி: தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட நகரங்கள் எப்படி ஒரு குடும்பத்தின் கைக்குப் போயின?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1183-இல் கான்ஸ்டன்ஸ் உடன்படிக்கையில் புனித ரோமப் பேரரசர் பார்பரோசா இந்த நகரங்களின் சுயாட்சியை ஒப்புக்கொண்டார். ஆனால் நகரத்துக்குள் அமைதி இல்லை. பெரிய குடும்பங்கள் ஆளுக்கொரு கோபுரம் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்காரனோடு சண்டை போட்டன. பொலோன்யாவில் அசினெல்லி கோபுரம் இன்றும் 97 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உள்ளூர்க்காரன் யாரை நடுவராக வைத்தாலும் மறுதரப்பு ஏற்காது. எனவே வெளியூரிலிருந்து ‘பொதெஸ்தா’ என்ற அதிகாரியைச் சம்பளத்துக்கு அழைத்தார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ பதவி, கிளம்பும்போது கணக்கு விசாரணை. அப்புறம் சாதாரண மக்கள் தரப்பு தனக்கென்று ஒரு ‘மக்கள் தளபதி’யை வைத்துக்கொண்டது.

வம்சங்கள் நுழைந்தது இந்தப் பதவிகள் வழியாகத்தான். வெரோனாவில் மாஸ்தினோ தெல்லா ஸ்காலா 1259-இல் பொதெஸ்தா, 1262-இல் மக்கள் தளபதி. 1277-இல் அவரைக் கொன்றார்கள். அதே ஆண்டு தம்பி ஆல்பெர்த்தோவுக்கு அந்தப் பதவி ஆயுளுக்கும் கிடைத்தது. நகர சபையை யாரும் கலைக்கவில்லை. கூட்டம் கூடியது, சட்டம் எழுதினார்கள், முத்திரை குத்தினார்கள். யார் எந்தப் பதவியில் இருப்பது என்பதை மட்டும் ஒரே வீடு முடிவு செய்தது.

வங்கி ஊழியர்: மெதிச்சி குடும்பம் எப்படி எழுந்தது?

ஃபிளாரன்ஸ், 1434. தலைப்புக்கு வெளியே.

வழக்கறிஞர்: 1264-இல் ஃபெராரா மக்கள் ஒபிட்சோ தெ எஸ்தேயைக் கூடி ஆட்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் விரும்பிக் கொடுத்ததை அபகரிப்பு என்பது சரியா?

‘கூடி’ என்ற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். தாத்தா ஏழாம் அட்சோ அந்த ஆண்டுதான் இறந்தார். பேரன் இளைஞன். சதுக்கத்தில் மக்கள் கூடியபோது எஸ்தே ஆதரவாளர்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். நியாயமானதோ அநியாயமானதோ, தன் விருப்பப்படி எதையும் செய்யும் அதிகாரம் அவருக்குத் தரப்பட்டது. அநியாயம் செய்யக் கடவுளாலேயே முடியாது, இவருக்குக் கடவுளைவிட அதிக அதிகாரம் கொடுத்துவிட்டார்களே என்று அந்த ஊர் வரலாற்றாசிரியர் ஒருவர் நொந்துகொண்டிருக்கிறார்.

வழக்கறிஞர்: ஆயுதம் நின்றதாலேயே தீர்மானம் செல்லாது என்றால், அந்தக் காலத்தில் ஒரு தீர்மானமும் செல்லாது. எதிர்க்கட்சியை ஊரைவிட்டே துரத்திய நகர சபை மட்டும் சுத்தமா?

சுத்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நகர சபை துரத்தியவன் அடுத்த கலகத்தில் திரும்பி வந்தான். 1264-க்குப் பிறகு ஃபெராராவில் அந்த வாசல் அடைபட்டது. துரத்தப்பட்டவர்களின் பட்டியல் நிரந்தரமானதுதான் என் பிரச்சினை.

சுற்றுலா போகிறவர்: மாந்துவாவில் என்ன பார்க்கலாம்?

அரண்மனையில் தொமெனிக்கோ மொரோனே 1494-இல் வரைந்த ஓவியம். 1328 ஆகஸ்ட் 16 அன்று கொன்ஸாகா குடும்பம் பொனக்கோல்சி குடும்பத்தை விரட்டிய நாள் அதில் இருக்கிறது. சதுக்கம் முழுக்கக் குதிரைகள், ஈட்டிகள், பின்னால் தேவாலயத்தின் பழைய முகப்பு. வெரோனாவை ஆண்ட கான்கிராந்தே தெல்லா ஸ்காலா கொன்ஸாகாவுக்குப் படை அனுப்பினார், அந்தச் சண்டையில் பாஸரினோ பொனக்கோல்சி செத்தார். நடந்து 166 வருடம் கழித்து, வென்ற குடும்பமே காசு கொடுத்து வரையவைத்த படம். எனவே ரசித்துப் பாருங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள். வம்சாவளிக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆசிரியர்: மெதிச்சிகள் போப் ஆனது எப்போது?

மேலே பாருங்கள்.

இல்லத்தரசி: பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கும் எஸ்தேவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, கதையா?

கதை இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் எஸ்தே குடும்பத்து இரண்டாம் ஆல்பெர்த்தோ அட்சோ ஜெர்மானிய வெல்ஃப் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்த மகன் வழியில் பவேரிய டியூக்குகள் வந்தார்கள், அதே கிளையில் ஹனோவர் வம்சம், பிற்பாடு விக்டோரியா. இன்னொரு மகன் வழி ஃபெராராவில் அமர்ந்தது.

வழக்கறிஞர்: சரி, மிலானில் விஸ்கோந்தி குடும்பம்? அங்கே தேர்தலாவது உண்டா?

அங்கே முதலில் ஒரு பேராயர். ஒத்தோனே விஸ்கோந்திக்கு 1262-இல் அந்தப் பேராயர் பதவியைப் போப் கொடுத்தும், நகரத்தை ஆண்ட தெல்லா தோர்ரே குடும்பம் உள்ளே விடவில்லை. 1277 ஜனவரியில் தேசியோவில் அவர்களைத் தோற்கடித்தார். அந்தக் குடும்பத் தலைவர் நாப்போவைக் கோமோவின் மேலுள்ள பரதெல்லோ கோட்டையில் கூண்டில் அடைத்தார்கள், அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார். பேராயர் தன் உறவினர் மத்தேயோவை 1287-இல் மக்கள் தளபதியாக்கினார். பதவி தேர்தல் பதவிதான், உங்கள் ஆறுதலுக்கு.

ஆனால் தேர்தல் தந்த உரிமையை இன்னொரு கூட்டம் திரும்ப எடுக்கலாம் என்று இந்தக் குடும்பங்களுக்கே பயம். எனவே மேலிருந்து பட்டயம் வாங்கினார்கள். மத்தேயோ பேரரசின் பிரதிநிதிப் பட்டம் பெற்றார். 1395-இல் அதே குடும்பத்து ஜான் கலியாட்சோ, பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வென்ஸஸ்லாஸுக்கு 100,000 ஃபுளோரின் தங்க நாணயம் கொடுத்து டியூக் ஆனார். அதற்குப் பத்து வருடம் முன், யாத்திரை போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மிலான் பக்கம் வந்து, வரவேற்க வந்த சொந்தச் சித்தப்பா பெர்னபோவைக் கைது செய்தவர். அந்தப் பட்டமும் மக்கள் கொடுத்ததா, சொல்லுங்கள்.

வழக்கறிஞர்: அது இல்லை. ஃபெராராவை மட்டும் நான் விடமாட்டேன்.

விடாதீர்கள்.

மருந்தாளுநர்: கான்கிராந்தேவுக்கு விஷம் வைத்தார்களா?

1329-இல் த்ரெவீசோவைப் பிடித்த சில நாளில் இறந்தார். 2004-இல் கல்லறையைத் திறந்து உடலை ஆராய்ந்ததில், டிஜிட்டாலிஸ் செடியின் நச்சு கிடைத்தது. வேண்டுமென்று கொடுத்ததா, மருந்து அளவு மீறியதா என்பதை உங்கள் துறைக்காரர்களிடமே கேளுங்கள்.

வங்கி ஊழியர்: ஒரே ஒரு மெதிச்சி கேள்வி மட்டும்...

இல்லை.